பிரிசில்லாவின் நிபந்தனையும் ஜெபராஜின் மூக்கும்

ஜெபராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். அதைப் போட்டது பெண்ணைப் பெற்றவர்கள் இல்லை, பெண்ணேதான்.

1998-ல் நடந்த சங்கதி இது. ஆம்பூருக்கு வெளியே ஒரு டேனரியில் ஜெபராஜ் சூப்பர்வைசர். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் கழன்றதும் மேலே எடுக்கிற பகுதி அவன் பொறுப்பு. அங்கே எழும் நாற்றத்தை வர்ணிக்காமல் விடுவதே வாசகருக்குச் செய்யும் மரியாதை. பெண் பார்க்கும் நாளன்று இரண்டு தடவை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அண்ணன் குடும்பத்தோடு வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்ற ஊருக்குப் போனான். பாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் கொஞ்சம் நீளமாகவே ஜெபிக்கிறவர். கரண்ட் வேறு போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு மூக்கைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் ஆமென் சொல்வதற்குள் உள்ளறையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும் சத்தம் கேட்டது.

பெண் பிரிசில்லா, இரண்டாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளிடம் நாளைக்குச் சிலேட்டு கொண்டுவரச் சொல்கிற அதே குரலில் அவனிடம் பேசினாள்.

"ஆளப் பிடிச்சிருக்கு. வேலையும் பரவால்ல. ஆனா அந்த நாத்தம் மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா நான் எங்கம்மா வீட்டுக்கு வந்துடுவேன்."

"எந்த நாத்தம்?" என்று ஜெபராஜ் கேட்டான். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன் மூக்கு அந்த வாசனையைக் காற்றில் சேர்த்தியாக எடுத்துக்கொண்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஆனாலும் பெண்ணை அவனுக்கும் பிடித்திருந்தது. எனவே வாக்குக் கொடுத்தான். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் டேனரியின் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு சடங்கு நடக்கும். எலுமிச்சம்பழத்தை அறுத்து நகக்கண், விரலிடுக்கு, காதுமடல் என்று ஓரிடம் விடாமல் தேய்ப்பான். பிறகு சீயக்காய். அதன் பிறகு சந்தன சோப்பு. வேலை உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, வாட்ச்மேன் அறையில் தொங்கும் பையிலிருந்து நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவான். வீட்டு வாசலில் பிரிசில்லா காலரை மோந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிடுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்த பின்னும் டேனரியில் அவன் பெயர் புது மாப்பிள்ளைதான்.

இரண்டாயிரமாவது வருஷம் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், மணக்க மணக்கக் குளித்துவிட்டு மொபெட்டில் வந்துகொண்டிருந்தான். பைபாஸில் ஓர் எருமை குறுக்கே வந்தது. வந்தது போக வேண்டியதுதானே? நடுரோட்டில் நின்று அவனை நிதானமாகப் பார்த்தது. பிரேக் போட்டதில் மொபெட் ஒரு பக்கம் போக, ஜெபராஜ் மல்லாந்து விழுந்து பின்னந்தலையைத் தார் ரோட்டில் மோதிக்கொண்டான்.

"எத்தன எருமத் தோல சுண்ணாம்புல எறக்கியிருப்பே? அதுங்க சொந்தக்காரன் ஒருத்தன் வந்து கணக்கத் தீத்துட்டான்" என்றான் முனீர் அகமது. டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம்களைப் பார்த்துக்கொள்கிறவன். பள்ளிக்கூடத்திலிருந்து ஜெபராஜின் தோஸ்த். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான், ஆகையால் கேலி செய்ய முழு உரிமை உண்டு.

தலையில் தையல் போட்டார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பிய அன்று சுண்ணாம்புக் குழியருகே நின்ற ஜெபராஜுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. எப்போதும் ஓடும் மோட்டார் நின்றுவிட்டதுபோல இருந்தது. குனிந்து மோந்தான். ஒன்றுமில்லை. சந்தன சோப்பிலும் ஒன்றுமில்லை. வாசனை என்கிற சமாச்சாரமே அவனை விட்டுப் போயிருந்தது.

ஊரில் யாரும் அனுதாபப்படவில்லை. பொறாமைப்பட்டார்கள். "தோலு வாங்க மூக்குல கர்ச்சீப்பு கட்டிக்கிட்டு வர்ற வெளிநாட்டுக்காரன் கேள்விப்பட்டா, அவனும் போய் எருமய முட்டிக்குவான்" என்று வாட்ச்மேன் சொன்னார். வீட்டிலும் நன்மைதான். பிரிசில்லா அப்போது உண்டாகியிருந்தாள். அடுப்படிக்குள் போனாலே குமட்டல், அதனால் சமையல் இருந்த லட்சணம் அவளுக்கே தெரியும். ஜெபராஜுக்கு ரசம் சுடுதண்ணீர், குழம்பு கலர் தண்ணீர். அடிப்பிடித்த சோற்றை முகம் கோணாமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் ஸ்கூலில் பெருமையடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அது திரும்பி வந்தது. ஒரு நாள் காலையில் குழியிலிருந்து தோலை மேலே இழுக்கிறார்கள், குப்பென்று சந்தன மணம். ஜெபராஜ் அப்படியே நின்றுவிட்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான். யாரோ குழிக்குள் சோப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாள் முழுவதும் ஏதாவது சாக்குச் சொல்லிக் குழியையே சுற்றிச்சுற்றி வந்தான்.

சாயங்காலம் தொட்டியடியில் சந்தன சோப்பை நுரைத்ததும் அழுகிய தோல் நாற்றம் அடித்தது. சாக்கடை அடைத்திருக்கும் என்று முதலில் நினைத்தான். மறுபடி தேய்த்தான், நாற்றம் கூடியது. புது சோப்பைப் பிரித்துத் தேய்த்தான், இன்னும் கூடியது. தேய்க்கத் தேய்க்க அவன் மேலேயே ஒரு டேனரி நடந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சோப்புக் கம்பெனியைத் திட்டியிருப்பான். ஜெபராஜ் தோல்காரன். தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டான். இத்தனை வருஷம் உள்ளே ஊறிய சாறு சோப்புப் பட்டதும் வெளியே வருகிறது என்று முடிவு கட்டினான். கழற்றிப் போட்ட வேலைச் சட்டையை எடுத்து மோந்தால் கமகமவென்று கல்யாண வீட்டு மணம். அவனுக்குக் குழப்பம் தீர்ந்தது. இனி குளிக்கக் கூடாது.

மறுநாள் வேலை உடுப்போடு நேரே வீட்டுக்குப் போனான். முழங்கைவரை குழித் தண்ணீர் காய்ந்திருந்தது. வாசலில் நின்ற பிரிசில்லாவிடம் காலரைத் தானே தூக்கிக் காட்டினான்.

"பிரிசி, இன்னிக்கு எப்படி மணக்குது பாரு!"

அவள் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். ஆறுதல் சொல்லப் பின்னாலேயே அவனும் ஓடினான். அவன் கிட்டே வர வர அவளுக்கு வாந்தி அதிகமானது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் அவனைப் பக்கெட்டோடு வெளியே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியே உள்ளே விட்டாள். காபி கொடுத்தாள், ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினான். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள், மூக்கைச் சுளித்தான். பவுடர் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் தலை சீவிப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டான். ஜெபராஜின் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். சீட்டாட்டத்தில் அவன் கையில் என்ன இருக்கிறது என்று எதிரில் இருப்பவன் அவன் புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். வயிறு தள்ளியிருக்கும் பெண்டாட்டி, தான் பக்கத்தில் வந்தாலே புருஷன் முகம் போகிற போக்கைப் பார்த்து என்ன நினைப்பாள்? அவளும் அதையேதான் நினைத்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போக வேண்டியவளை ஆறாம் மாதமே அம்மா வந்து அணைக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

வெறிச்சோடிய வீட்டில் உட்கார்ந்து ஜெபராஜ் அழுதான். ஆறுதல் சொல்ல முனீர் டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்தான். டீயைக் கண்டதும் ஜெபராஜ் மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் முனீருக்குச் சந்தேகம் தட்டியது. ஜெபராஜின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, வீட்டில் அகப்பட்டதையெல்லாம் மூக்கடியில் நீட்டினான்.

"இது இன்னா?"

"எரிஞ்ச ரப்பரு."

"பால்டா அது. இது?"

"அழுவுன தோலு."

"உன் சந்தன சோப்பு. இது?"

"ஆ... இதான்டா சந்தனம்!"

முனீர் கையில் இருந்தது ஜெபராஜின் வேலைச் செருப்பு. அவன் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. சிரித்து முடித்ததும் அவனுக்கே பயம் வந்துவிட்டது. அந்த வாரமே ஜெபராஜை வேலூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் ஷாஜின் இளைஞர், அதனால் பொறுமையாகக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்.

"மூக்குக்குள்ள மேல வாசனை புடிக்கிற நரம்பு செல் லட்சக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு ரகம். ஒரே ரகத்து செல்லெல்லாம் ஒரே எடத்துல உக்காந்திருக்காது, அங்கங்க செதறிக் கெடக்கும். ஆனா அதுங்க நூலெல்லாம் இந்தச் சல்லடை எலும்பு ஓட்டை வழியா மூளைக்குள்ள போய், ஒரே எடத்துல ஒண்ணா சேந்துடும். எந்த எடத்துல வந்து சேருதோ, அத வெச்சுத்தான் மூளை இது சந்தனம், இது சாணின்னு சொல்லும். இத எலியில கண்டுபுடிச்சே கொஞ்ச வருஷம்தான் ஆவுது."

"எனக்கு இன்னா ஆச்சு சார்?"

"விழுந்த குலுங்கல்ல அந்த நூலெல்லாம் சல்லடையிலயே அறுந்துபோச்சு. மூக்கு நரம்பு திரும்ப முளைக்கும், அது ஒரு பெரிய வரம். உங்களுக்கும் முளைச்சிடுச்சு. ஆனா சில நூலு வழி தவறி, வேற ரகம் போய்ச் சேர்ற எடத்துல போய் ஒட்டிக்கிச்சு. மணக்கிறது நாறுறது சகஜம். நாறுறது மணக்கிறதுதான் அபூர்வம்."

அபூர்வம் என்ற வார்த்தையைக் கேட்டு முனீர் நண்பனைப் பெருமையோடு பார்த்தான். ஜெபராஜ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்கள் நிற்கும். பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண்ணோ வாணியம்பாடிப் பக்கத்துப் பெண்ணோ, எந்த மூலையிலிருந்து வந்தாலும் தன் கம்பெனி பஸ்ஸைப் பார்த்து ஏறுவாள். ஒரு கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஒரே கேட்டில் இறங்குவார்கள்.

"புரிஞ்சுது சார். பழைய ஆளுங்க எல்லாம் போய்ட்டாங்க. புதுசா சேந்தவங்க தப்பு பஸ்ல ஏறி வேற கம்பெனி கேட்டுல எறங்கிட்டாங்க. வாட்ச்மேனும் உள்ள விட்டுட்டான்."

"அப்படியே வெச்சுக்கோங்க. கேட்டுல எறங்கினவங்க எல்லாம் தன் கம்பெனி ஆளுன்னுதான் மூளை நெனச்சுக்கும்."

"திரும்ப சரியாவுமா?"

"மருந்து கெடையாது. பழசு விழுந்து புதுசு முளைச்சிட்டே இருக்கும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ போனா சரியான கேட்டுக்கு வரலாம். வராமலும் போலாம். அதுவரைக்கும் தெரிஞ்ச பொருளா எடுத்து, பேர நெனச்சுக்கிட்டே தினம் மோந்து பாருங்க. குளிக்கிறத மட்டும் விட்டுடாதீங்க."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னார் என்று கேட்க வேண்டியதில்லை. அறையில் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன.

ஜெபராஜ் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அணைக்கட்டுக்குப் போனான். மாமியார் ஜெயபுஷ்பம் ஓய்வுபெற்ற நர்ஸ். நரம்பு, சல்லடை என்று அவன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கம்பெனி பஸ் கதைக்கு அவன் வந்ததும் குறுக்கிட்டார்.

"எல்லாம் சரி மாப்ள. எம்பொண்ணு உங்களுக்கு எந்த கேட்டுல எறங்குறா?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஜெபராஜ், "உப்பு பத்தாம அழுவுன தோலு வர்ற கேட்டுல, அத்த" என்றான்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிரிசில்லா வெளியே வந்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"அதான் மூஞ்சி அப்படிப் போச்சா? நான் வேற இன்னமோ நெனச்சிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என்ன உடுங்க. நாளைக்கு கொழந்த பொறந்தா அதுவும் உங்களுக்கு அப்படித்தான் நாறுமா?"

இத்தனை நாளில் ஜெபராஜுக்கு அது தோன்றவே இல்லை.

"பெத்த அப்பன் மூஞ்சிய சுளிக்கிறதப் பாத்துக்கிட்டு எம்புள்ள வளரக் கூடாது. பொறந்ததும் வாங்க. எல்லாரு முன்னாடியும் அது தலைய மோந்து பாருங்க. மூஞ்சி சுளிச்சா நானும் புள்ளையும் இங்கயேதான். மூக்கு சரியானா அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து டேனரி வாட்ச்மேன் அறையில் பயிற்சி தொடங்கியது. சுவரில் ரசம் போன கண்ணாடி. முனீர் சந்தன சோப்பை நீட்டுவான், ஜெபராஜ் முகத்தை அசைக்காமல் மோக்க வேண்டும். முதல் வாரம் சோப்பு கிட்டே வருவதற்கு முன்பே புருவம் ஏறியது.

"வெளிநாட்டுக்காரன் வந்து தோலப் பாத்து நொட்ட சொல்லும்போது எப்படிடா நிப்பே? அப்படி நில்லு" என்று முனீர் வழி சொன்னான். அது பலித்தது. கொஞ்சம் கொஞ்சமாக முகம் மரத்துப்போனது. மல்லிகை, காபி, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் அசையாமல் தாங்கினான். ஆனால் குழந்தை எப்படி நாறும் என்று தெரியாமல் எதற்குப் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டதும் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். முனீர் தன் மனைவி அக்தர் பானுவைக் கேட்டு வந்தான். நாலு பிள்ளை பெற்றவள், தெரியாமல் இருக்குமா? பால், பவுடர், கொஞ்சம் மூத்திரம் என்று அவள் சொல்லியனுப்பினாள். முதல் இரண்டையும் கிண்ணத்தில் கலந்து ஜெபராஜின் மூக்கடியில் பிடித்தார்கள். ரப்பர் குடோன் தீப்பற்றியதுபோல இருந்தது அவனுக்கு. கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் எங்கெங்கோ போனது. மறுபடி முயன்றான், மறுபடி தோற்றான். சொந்தப் பிள்ளையைப் பார்க்க இப்படிப் பயந்து சாகிற அப்பன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது.

செப்டம்பரில் டேனரி ஆபீசுக்குப் போன் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். ஜெபராஜ் தொட்டியடிக்கு ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சை, சீயக்காய், சோப்பு மூன்றையும் ஒரு குறையும் வைக்காமல் தேய்த்துக் குளித்தான். தன் மேல் வீசும் அழுகல் நாற்றத்தைத் தானே சுமந்துகொண்டு பஸ் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகாததைப் பார்த்து, உலகத்தில் நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

வார்டில் பிரிசில்லா சோர்ந்து படுத்திருந்தாள். குழந்தை அவள் கழுத்தை ஒட்டித் தூங்கியது. ஜெயபுஷ்பம் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டில்காரிகூட விஷயம் தெரிந்து முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். யாரும் அவனை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லாரும் அவன் மூக்கையும் புருவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் வெளிநாட்டுக்காரன் முன்னால் நிற்கும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மாமியார் குழந்தையைத் தூக்கி அவன் கையில் வைத்தார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பச்சைக் குழந்தையை அவன் கையில் யாரும் இதுவரை கொடுத்ததே இல்லை. அண்ணன் பிள்ளைகளானாலும் சரி, முனீர் பிள்ளைகளானாலும் சரி, இவன் கை நீட்டும்போதெல்லாம் மொதல்ல போய் கை கழுவிட்டு வா என்பார்கள். கழுவிவிட்டு வருவதற்குள் குழந்தை வேறு மடிக்குப் போயிருக்கும். அவனும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

குனிந்தான். உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தான்.

சுண்ணாம்புக் குழி இல்லை. ரப்பர் இல்லை. உப்புப் பத்தாத தோலும் இல்லை, சந்தனமும் இல்லை. தெரிந்த வாசனைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் தேடிப் பார்த்தான், எதிலும் இது சேரவில்லை. எங்கேயோ ஒரு கேட்டில் யாரோ வந்து இறங்கியிருந்தார்கள். அந்த கேட் அவ்வளவு காலமும் யாருக்கும் திறக்காமல் சும்மாவே இருந்திருக்கிறது. வாரக்கணக்கில் பழகிய முகம் கலைந்து, வாய் தானாகத் திறந்துகொண்டது. மறுபடி மோந்தான்.

"இன்னா?" பிரிசில்லாவின் குரலில் பயம் இருந்தது. "நாறுதா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"இத நான் மோந்ததே இல்ல பிரிசி. சரியான வாசன எதுன்னு தெரிஞ்சாத்தானே இது தப்புன்னு சொல்ல முடியும்?"

"நல்லாருக்கா, நல்லா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மாப்ள" என்று ஜெயபுஷ்பம் அதட்டினார்.

ஜெபராஜ் மூன்றாம் தடவை மோந்தான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை. அந்தப் பக்கம் வந்த நர்ஸ், "போதும்பா, கொழந்தையும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிப் பக்கத்துத் தொட்டிலில் கிடத்தினாள்.

பிரிசில்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள் என்பது ஜெபராஜுக்கும் தெரிந்தது. அவளை எந்த கேட்டில் சந்திக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான். ஆனால் பிரசவ வலி வந்ததிலிருந்து அவள் பவுடரும் போடவில்லை, எண்ணெயும் வைக்கவில்லை. குழந்தை படுத்திருந்த கழுத்தோரத்தில் அந்தப் புது வாசனைதான் இருந்தது. அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஜெயபுஷ்பம் எட்டி எட்டிப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகம் சுளிக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"உம்மேலயும் அதேதான்" என்றான் அங்கிருந்தே.

பிரிசில்லா அவன் தலையில் கை வைத்தாள். பிறகு, "ம்மா, டிஸ்சார்ஜ் ஆனா நேரா ஆம்பூருக்குப் போறோம்" என்றாள்.

"தலப்பிரசவம்டி. மூணு மாசம் நம்ம வூட்லதான் இருக்கணும்."

"மூணு மாசமும் இந்தாளு தெனம் பஸ் ஏறி வந்து மோந்துக்கிட்டு கெடப்பாரு. அங்கயே மோக்கட்டும்."